உடம்புக்கு ஒன்றுமில்லை, தொண்டையில் மட்டும் ஸ்ட்ரெப்: ஊசி போட வேண்டுமா?

கேள்வி இது: "எனக்கு 36 வயது. என் 7 வயது மகளுக்கு இந்த வருடம் மூன்று முறை தொண்டை வலியும் காய்ச்சலும் வந்துவிட்டது. மூன்று முறையும் ஸ்ட்ரெப் பாசிட்டிவ். அதனால் வீட்டில் எல்லோருக்கும் தொண்டையில் ஸ்வாப் எடுத்தார்கள். எனக்குக் குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வளர்ந்திருக்கிறது. எனக்கு வலியோ காய்ச்சலோ எதுவும் கிடையாது. ஐந்து நாள் அசித்ரோமைசின் சாப்பிட்டேன். திரும்ப எடுத்தாலும் பாசிட்டிவ். ஏஎஸ்ஓ ரத்தப் பரிசோதனையில் 380. இனி 21 நாளுக்கு ஒரு பெனிடியூர் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். மகளுக்கு என்னிடமிருந்துதான் வருகிறதோ என்று பயந்து தனித் தட்டு, தனிப் படுக்கை என்று இருக்கிறேன். என்ன செய்வது?"

முதலில் போய் மகளைத் தூக்கிக் கொஞ்சுங்கள். மற்றதை அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொன்னால், உங்களுக்கு இருப்பது நோய் அல்ல. கிருமி தொண்டையில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பெனிடியூர் என்பது உடம்பில் பல நாள் தங்கி வேலை செய்யும் பெனிசிலின் ஊசி. அது தேவைப்படும் ஆளாக நீங்கள் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். சின்ன வயதில் மூட்டு மாறி மாறி வீங்கி, காய்ச்சலோடு படுத்தது உண்டா? இதய வால்வில் பழுது என்று யாராவது எப்போதாவது சொல்லியிருக்கிறார்களா? உண்டு என்றால் கதையே வேறு, அது ஸ்ட்ரெப் தொண்டை வலிக்குப் பிறகு வந்து இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சலாக இருந்திருக்கலாம். இதைப் படிக்கும் வேறு யாராவது ருமாட்டிக் இதய நோய்க்காக பெனிடியூர் போட்டுக்கொண்டிருந்தால், தயவு செய்து ஒரு தவணைகூடத் தள்ளிப் போடாதீர்கள். நான் எழுதப்போவது அப்படிப்பட்டவர்களுக்கானது அல்ல.

நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் 20 வருடமாக வேலை பார்க்கிறேன். உங்கள் ஸ்வாப் போன்றவை தினமும் என் மேஜைக்கு வருகின்றன. அந்தப் பஞ்சுக் குச்சியைச் செம்மறி ஆட்டு ரத்தம் கலந்த அகார் தட்டில் தேய்த்து, உடம்புச் சூட்டில் ஒரு ராத்திரி வைக்கிறோம். காலையில் மூடியைத் திறந்து தட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், சிவப்புப் பரப்பில் குண்டூசித் தலையைவிடச் சின்னப் புள்ளிகள் தெரியும். குரூப் ஏ என்றால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ரத்தம் முழுக்கக் கரைந்து, கண்ணாடி போலத் தெளிந்த ஒரு வட்டம் இருக்கும். அந்த வட்டத்தின் வழியாகப் பின்னால் இருக்கும் எழுத்தை வாசிக்கலாம். ஆனால் அதே தட்டில், அதே தொண்டையிலிருந்து வந்த வேறு புள்ளிகளும் நிறைய இருக்கும். அவற்றைச் சுற்றி ரத்தம் கரையாமல் பாசி படிந்ததுபோல் மங்கலான பச்சையாக மாறியிருக்கும். அவையும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்தான். விரிடன்ஸ் வகை என்போம், லத்தீனில் பச்சை என்று பொருள். உங்கள் தொண்டையிலும் என் தொண்டையிலும் நேற்றுப் பிறந்த குழந்தையின் வாயிலும் இவை உண்டு. பிறந்த சில நாளிலேயே குடிவந்துவிடும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "தொண்டையில் ஸ்ட்ரெப் வளர்ந்திருக்கிறது" என்ற வாக்கியம் மட்டும் ஒன்றையும் சொல்வதில்லை. எந்த ஸ்ட்ரெப் என்பது முதல் கேள்வி. அது அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. என் தட்டு முதல் கேள்விக்குப் பதில் சொல்லும். இரண்டாவதற்கு அதனால் பதில் சொல்ல முடியாது. அவசரத்துக்குச் செய்யும் ரேபிட் டெஸ்டாலும் முடியாது. நோயாளியின் தொண்டையிலிருந்து வந்த புள்ளியும் ஆரோக்கியமானவரின் தொண்டையிலிருந்து வந்த புள்ளியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

1874இல் தியோடர் பில்ரோத் என்ற அறுவை மருத்துவர், புண்களில் பாசிமணி கோத்ததுபோல் சங்கிலியாக நின்ற இந்தக் கிருமிகளுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று பெயர் வைத்தார். 1933இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் அவற்றின் மேலுறையில் இருக்கும் மாவுப்பொருளை வைத்து ஏ, பி, சி என்று பிரித்தார். இன்று உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் "குரூப் ஏ" அவர் போட்ட பிரிவுதான். மனிதத் தொண்டை வலிக்கும் ருமாட்டிக் காய்ச்சலுக்கும் காரணமானது இந்த ஏ. சி, ஜி இரண்டும்கூடத் தொண்டையில் தங்கும், சில சமயம் வலியும் தரும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் பள்ளிப் பிள்ளைகளின் தொண்டையில் ஏ, சி, ஜி மூன்றையும் சேர்த்தே தேடினார்கள். நம் பக்கம் ஏ ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும் என்பது என் அனுபவமும்கூட.

எத்தனை பேர் உங்களைப் போல? பள்ளி வயதுப் பிள்ளைகளில், தொண்டை வலி எதுவும் இல்லாதவர்களை வரிசையாக நிறுத்தி ஸ்வாப் எடுத்தால், ஏறக்குறைய 100க்கு 12 பேரிடம் குரூப் ஏ இருக்கும். பெரியவர்களில் இது 100க்கு 5க்கும் குறைவு. ஆனால் வீட்டில் ஒருவருக்கு ஸ்ட்ரெப் தொண்டை வலி வந்திருக்கும் நேரத்தில், அறிகுறியே இல்லாத மற்றவர்களில் நான்கில் ஒருவர் வரை பாசிட்டிவ் ஆகலாம். உங்கள் வீட்டில் ஸ்வாப் எடுத்தது சரியாக அந்த நேரத்தில்தான். ஒன்றும் கிடைக்காமல் போயிருந்தால்தான் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். வீட்டில் ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர் யாரும் இல்லாதபோது, நல்லபடி இருப்பவர்களுக்கு ஸ்வாப் எடுக்கவே தேவையில்லை என்பதுதான் வழிகாட்டுதல்.

இந்தக் கிருமிக்கு இயற்கையில் மனிதனைத் தவிர வேறு வீடு கிடையாது. ஒரு காய்ச்சல் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே அது எங்காவது உயிர் வாழ்ந்தாக வேண்டும். அதற்கு அது கண்டுபிடித்த இடம் ஆரோக்கியமான தொண்டை, குறிப்பாக டான்சில் சதையின் மடிப்புகள். அங்கே அது சண்டைக்காரனாக இருப்பதில்லை. மெதுவாக வளர்கிறது. எம் புரதம் என்று ஒரு கவசம் அதற்கு உண்டு. நம் வெள்ளை அணுக்களிடமிருந்து தப்பிக்க உதவுவதும் நோயை மூட்டுவதும் அந்தக் கவசம்தான். தொண்டையில் வாரக்கணக்கில் தங்கும்போது அந்தக் கவசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிவிடுகிறது என்பதை 1940களிலேயே காட்டிவிட்டார்கள். உடம்பும் அதை எதிரியாகப் பார்த்துப் புதிதாக எதிர்ப்பொருள் எதையும் கூட்டுவதில்லை. இந்த நிலையில் இருப்பவருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு.

இப்போது அந்த ஏஎஸ்ஓ 380. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இந்த ஒரு எண்ணால் படுகிற பாட்டை நான் கண்ணால் பார்க்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு செவிலியர் மாணவி, பிளாஸ்டிக் கவரில் ஆறு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு எங்கள் ஆய்வகத்துக்கு வந்தாள். கால் வலி என்று எங்கோ போனபோது ஏஎஸ்ஓ பார்த்திருக்கிறார்கள், 400. இதயத்தைப் பாதிக்கும் என்று சொல்லி ஊசி ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்றரை வருடமாக 21 நாளுக்கு ஒருமுறை. போட்டவர்களுக்குத் தெரியும், பெனிடியூர் சாதாரண ஊசி அல்ல. பால்போல் கலங்கிய கெட்டி மருந்து, தடிமனான ஊசி. கொஞ்சம் தாமதித்தால் ஊசியிலேயே அடைத்துக்கொள்ளும். போட்ட பிறகு இரண்டு நாள் நொண்டி நொண்டித்தான் நடக்க முடியும். அவள் ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் ஏஎஸ்ஓ பார்த்து, "எண் இறங்கவே மாட்டேன் என்கிறது, எனக்கு ஹார்ட் போய்விடுமா?" என்று கேட்டாள். எக்கோ எடுத்துப் பார்த்ததில் வால்வெல்லாம் சுத்தமாக இருந்தது. ருமாட்டிக் காய்ச்சலுக்கான அடையாளம் ஒன்றுகூட அவளுக்கு எப்போதும் இருந்ததில்லை. இதய மருத்துவர் ஊசியை நிறுத்தினார். ஒன்றரை வருடப் பயத்தை அப்படி நிறுத்த முடியவில்லை.

ஏஎஸ்ஓ என்பது கிருமியை அளக்கும் சோதனை அல்ல. ஸ்ட்ரெப்டோலைசின் ஓ என்ற நச்சைக் கிருமி வெளியிடுகிறது, அதற்கு எதிராக உடம்பு செய்துவைத்த எதிர்ப்பொருளை அளக்கிறோம். தொண்டையில் நிஜமான தொற்று வந்து ஒரு வாரத்தில் ஏற ஆரம்பித்து, 3 முதல் 6 வாரத்தில் உச்சிக்குப் போய், அப்புறம் மாதக்கணக்கில் மெல்ல இறங்கும். ஆக 380 என்றால் "எப்போதோ ஸ்ட்ரெப்பைச் சந்தித்த உடம்பு" என்று மட்டும் அர்த்தம். குரூப் சி, ஜி வந்து போனாலும் ஏறும். ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் 200 என்ற எல்லை கல்லில் வெட்டியது அல்ல, நல்ல ஆரோக்கியமான பள்ளிப் பிள்ளைகளுக்கே அதைத் தாண்டியிருப்பது சாதாரணம். முக்கியமாக, அது சிகிச்சை கொடுத்து இறக்க வேண்டிய எண் அல்ல. பெனிசிலின் கிருமியைக் கொல்லும், ஏற்கெனவே ரத்தத்தில் ஓடும் எதிர்ப்பொருளை அது இறக்காது. ருமாட்டிக் காய்ச்சல் வந்ததாக உடம்பில் வேறு அடையாளம் இருக்கும்போது, "சமீபத்தில் ஸ்ட்ரெப் வந்திருக்கிறதா?" என்ற கேள்விக்குத் துணைச் சாட்சியாக நிற்பதுதான் இந்தச் சோதனையின் வேலை. தனியாக நின்று அது யார்மேலும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

சரி, மகளுக்கு உங்களிடமிருந்து பரவுமா?

இதற்கான நல்ல பாடங்கள் ராணுவ முகாம்களிலிருந்து வந்தவை. இளம் வயதினரை நூற்றுக்கணக்கில் ஒரே கூடத்தில் படுக்க வைத்தால் ஸ்ட்ரெப் காட்டுத்தீயாகப் பரவும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் மார்ட்டன் ஹாம்பர்கர் என்ற மருத்துவர், கிருமி தாங்கியவர்களில் யார் ஆபத்தானவர் என்று தேடினார். அவர் கண்டது: தொண்டையில் மட்டும் வைத்திருப்பவரைவிட மூக்கில் வைத்திருப்பவர்தான் பல மடங்கு கிருமியைச் சுற்றிலும் சிதறுகிறார். மூக்கைத் துடைத்த கையைக் குலுக்கினாலே அடுத்தவர் கைக்குப் போய்விடுகிறது. பிறகு 1940களின் கடைசியில் வயோமிங் மாநிலத்தின் வாரன் முகாமில் சார்ல்ஸ் ராமல்காம்ப் தலைமையில் ஒரு ஆய்வுக் குழு உட்கார்ந்தது. ஸ்ட்ரெப் தொண்டை வலிக்கு பெனிசிலின் கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர்கள் அவர்கள்தான். வலி ஆரம்பித்து 9 நாள் கழித்துக் கொடுத்தால்கூடத் தடுக்க முடிந்தது. அதே குழு இன்னொரு வேலையும் செய்தது. ஸ்ட்ரெப் நோயாளிகள் போர்த்திய போர்வைகளை அப்படியே புது வீரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சுத்தமான போர்வை வாங்கியவர்களைவிட அவர்களுக்கு நோய் அதிகமாக வரவில்லை. துணியில் காய்ந்து கிடக்கும் கிருமிக்கு அந்தத் தெம்பு இல்லை. ஆளுக்கு ஆள் நெருக்கம்தான் விஷயம், அதுவும் நோயோடு இருப்பவரின் நெருக்கம்.

இதை உங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். உங்களுக்குக் காய்ச்சல் இல்லை, தொண்டை வலி இல்லை, மூக்கு ஒழுகவில்லை. நீங்கள் தொண்டையில் வைத்திருப்பது பழகிப்போன, வீரியம் குறைந்த கிருமி. தனிப் படுக்கையால் எந்தப் பயனும் இல்லை. தட்டும் தம்ளரும் வழக்கம்போல் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். அவளுக்குக் கிருமி வந்த இடம் பெரும்பாலும் வகுப்பறை பெஞ்சுதான், உங்கள் மடி அல்ல.

ஐந்து நாள் மாத்திரை போட்டும் போகவில்லையே என்பது உங்கள் அடுத்த கவலை. முதலில் ஒரு நல்ல செய்தி: குரூப் ஏ ஸ்ட்ரெப் இத்தனை ஆண்டுகளாகியும் பெனிசிலினுக்கு மசியாத வகை எதையும் நோயாளிகளிடம் காட்டவில்லை. கிருமிகளின் உலகில் இது அபூர்வம். அசித்ரோமைசின் அப்படி அல்ல, அதற்கு மசியாத ஸ்ட்ரெப் பல நாடுகளில் நிறைய உண்டு. அது தவிர, நோயில்லாமல் கிருமியை மட்டும் சுமக்கும் தாங்கி நிலையில் பெனிசிலின்கூடத் திணறும். காரணம் எதிர்ப்புச் சக்தி அல்ல. பெனிசிலின் வளர்ந்து பெருகும் கிருமியைத்தான் சுவர் கட்ட விடாமல் உடைக்கும். அரைத்தூக்கத்தில் இருக்கும் கிருமி சுவரே கட்டுவதில்லை. போதாததற்கு டான்சில் செல்களுக்கு உள்ளேயே புகுந்து ஒளிந்துகொள்ளும், பக்கத்தில் வாழும் வேறு கிருமிகள் பெனிசிலினைச் சிதைக்கும் நொதியைச் சுரந்து அதற்கு மறைவும் கொடுக்கும். அதனால்தான் சிகிச்சை முடிந்து உடம்பு தேறியவருக்குத் "போய்விட்டதா" என்று மறு ஸ்வாப் எடுக்காதீர்கள் என்கிறோம். எடுத்தால் பாசிட்டிவ் வரும், வந்தால் மாத்திரை வரும், மறுபடி ஸ்வாப் வரும். நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பது அந்தச் சக்கரத்தில்தான்.

ஒழித்தே ஆக வேண்டிய சூழல்களும் உண்டு. அப்போது கிளிண்டாமைசினோ, பெனிசிலினோடு கடைசி நான்கு நாள் ரிஃபாம்பிசினோ தருவார்கள். ரிஃபாம்பிசின் காசநோய்க்கு நாம் நம்பியிருக்கும் மருந்து, அதை இப்படிச் சும்மா செலவழிக்கக் கூடாது. கிளிண்டாமைசினால் சிலருக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு வரும். வலிக்காத தொண்டைக்காக இந்த விலையைக் கொடுக்க ஒரு நல்ல காரணம் வேண்டும்.

அந்த நல்ல காரணம் எப்படிப்பட்டது என்பதற்குப் பிரசவ அறையைப் போல வேறு உதாரணம் கிடையாது. நூறு வருடத்துக்கு முன்புவரை பிரசவமான பெண்கள் ஜன்னிக் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் இதே குரூப் ஏதான். லண்டனில் டோரா கோல்புரூக் என்ற மருத்துவர், காய்ச்சல் வந்த தாய்மாரிடமிருந்து எடுத்த ஸ்ட்ரெப்பையும், அவர்களைச் சுற்றியிருந்த மருத்துவர்கள், செவிலியர்கள், வீட்டு மனிதர்களின் தொண்டையிலிருந்தும் மூக்கிலிருந்தும் எடுத்த ஸ்ட்ரெப்பையும் வகை பிரித்து ஒப்பிட்டார். திரும்பத் திரும்பப் பொருந்தியது. தாயின் கருப்பைக்குப் போன கிருமி, பக்கத்தில் நின்று பிரசவம் பார்த்தவரின் தொண்டையிலோ மூக்கிலோ, சில சமயம் தாயின் தொண்டையிலேயோ இருந்தது. 1935இல் அவர் அறிக்கை வெளியானது. பிரசவ அறையில் எல்லோரும் முகக்கவசம் கட்ட வேண்டும் என்ற பழக்கம் உறுதிப்பட்டதில் அந்த வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. அவருடைய சகோதரர் லெனார்ட் கோல்புரூக் 1936இல் அதே நோய்க்கு முதல் சல்ஃபா மருந்தைக் கொடுத்து உயிர்களைக் காப்பாற்றிக் காட்டினார். இந்த இரண்டு பேரையும் நினைக்காமல் நான் ஒரு குரூப் ஏ ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போடுவதில்லை.

எனவே நீங்கள் அறுவை அரங்கிலோ பிரசவ அறையிலோ தீக்காயப் பிரிவிலோ வேலை பார்ப்பவராக இருந்து, அங்கே நோயாளிகளுக்குக் குரூப் ஏ புண் தொற்று வந்திருந்தால், உங்கள் தொண்டையில் இருப்பதை ஒழித்துவிட்டுத்தான் வேலைக்குத் திரும்ப வேண்டும். வீட்டில் ருமாட்டிக் இதய நோய் உள்ளவர் இருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லியே முடிவெடுக்க வேண்டும். பள்ளி விடுதி, முகாம் மாதிரி அடைத்து வாழும் இடத்தில் கொள்ளையாகப் பரவும்போதும் அப்படியே. மற்றபடி, வெளியில் ஓடியாடி வேலை செய்யும் ஆரோக்கியமான மனிதரின் தொண்டையைக் கழுவித் துடைக்க வேண்டியதில்லை.

கடைசியாக மகளைப் பற்றி. உண்மையில் நான் அதிகம் யோசிப்பது உங்களைப் பற்றி அல்ல, அவளைப் பற்றித்தான். ஒரு வருடத்தில் மூன்று முறை பாசிட்டிவ் என்றால் மூன்று முறை ஸ்ட்ரெப் நோய் வந்தது என்று அர்த்தமாகாது. அவளே தாங்கியாக இருக்கலாம். தாங்கிப் பிள்ளைக்குச் சாதாரண வைரஸ் சளி பிடித்துத் தொண்டை வலித்தாலும் ஸ்வாப் எடுத்தால் பாசிட்டிவ்தான் வரும், பழி ஸ்ட்ரெப்மேல் விழும். எப்படிப் பிரித்துப் பார்ப்பது? அந்த மூன்று முறையும் இருமல், மூக்கு ஒழுகல், குரல் கம்மல், கண் சிவப்பு இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இருந்தால் வைரஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இருமலே இல்லாமல் திடீரென்று நல்ல காய்ச்சல், டான்சிலில் வெள்ளைப் படலம், தாடைக்குக் கீழே தொட்டால் வலிக்கிற மாதிரி நெறி கட்டியிருந்தால், அது நிஜ ஸ்ட்ரெப்பின் முகம். அவள் நன்றாக இருக்கும் ஒரு வாரத்தில், எந்த மருந்தும் இல்லாதபோது ஒரே ஒரு ஸ்வாப் எடுக்கலாமா என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். அதுவும் பாசிட்டிவ் என்றால் மூன்று முறை நடந்ததை மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும். இதையே காரணமாகக் காட்டி டான்சிலை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அதற்கு முன்பு இந்த ஸ்வாப் நடந்திருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தாங்கியாக இருக்கும் பிள்ளைக்கும் புது வகை ஸ்ட்ரெப் வந்து நிஜமான நோய் வரலாம். அந்த முகத்தோடு வலி வந்தால் பெனிசிலினோ அமாக்சிசிலினோ முழுசாகப் பத்து நாள் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாளே துள்ளி விளையாடினாலும் நிறுத்தக் கூடாது. வாரன் முகாமில் கற்ற பாடம் அவளுக்கானது.

உங்களுக்கு மூன்றாவது ஸ்வாப் வேண்டாம், இன்னொரு ஏஎஸ்ஓவும் வேண்டாம். ஊசி எழுதியவரிடம் திரும்பப் போய், "எனக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்ததற்கு அடையாளம் இருக்கிறதா, வால்வில் ஏதாவது பழுது தெரிகிறதா, இல்லை ஏஎஸ்ஓவுக்காக மட்டும்தான் எழுதினீர்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு எக்கோ எடுத்து வால்வைப் பார்த்துவிடலாம். வருடக்கணக்கில் நீளக்கூடிய ஒரு ஊசிக்கு முன்னால் அது பெரிய செலவு அல்ல. இந்த ரிப்போர்ட்டுகளை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். உங்களுக்கே காய்ச்சலோடு தொண்டை வலி வந்து டாக்டரைப் பார்க்கப் போகும் அன்று, "இவர் நன்றாக இருக்கும்போதே பாசிட்டிவ் வந்தவர்" என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.